பிசியோதெரபி படிக்க இளநிலையில் எந்த மேஜர்?

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆக டிபிடி (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) பட்டம் வேண்டும். பெரும்பாலும் மூன்று வருஷப் படிப்பு. அதற்கு முன் எந்த மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) இளநிலை முடித்தாலும் சரிதான். இசை படித்தவரும் சேரலாம். கல்லூரிகள் பார்ப்பது மேஜரை அல்ல, முன்தேவைப் பாடங்களை.

வழக்கமான பட்டியல் இது: லேபுடன் வேதியியல் 8 கிரெடிட், இயற்பியல் 8, உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்த்து 8, கூடவே உயிரியல், உளவியல், புள்ளியியல். கினிசியாலஜி (உடல் அசைவு பற்றிய அறிவியல்) எடுத்தால் இதில் பாதி மேஜருக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் சில கல்லூரிகளில் அந்த மேஜருக்கு இயற்பியல் ஒரு செமஸ்டர்தான். இரண்டாவதை நாமாகச் சேர்க்காவிட்டால் கடைசி வருஷத்தில் மாட்டிக்கொள்வோம். அறிவியல் அல்லாத மாணவர்களுக்கென நடத்தும் எளிய இயற்பியலைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. வேதியியலில் டி கிரேடு வாங்கி, அதே பாடத்தைத் திரும்பப் படித்து ஏ வாங்கினால், உங்கள் கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிவிடலாம். பொது விண்ணப்பத் தளமான பிடிகேஸ் நீக்காது; இரண்டையும் சேர்த்தே ஜிபிஏ (கிரேடு சராசரி) போடும். அதனால் முதல் செமஸ்டரிலேயே வேதியியலையும் உயிரியலையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் வருஷம் முடிவதற்குள் ஐந்தாறு டிபிடி கல்லூரிகளின் தேவைகளை ஒரே தாளில் எழுதி ஒப்பிடுங்கள். சில இடங்களில் பழைய அறிவியல் பாடங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.