அய்லீன் ரிகின்: பலகையிலும் தண்ணீரிலும்

மே 2

இன்று அமெரிக்க டைவிங், நீச்சல் வீராங்கனை அய்லீன் ரிகின் பிறந்த நாள். 1906, அமெரிக்காவின் நியூபோர்ட். அப்பா கடற்படைக்காரர் என்பதால் மணிலா விரிகுடாவில், ஆறு வயதில் நீந்தப் பழகியவர். பிறகு நியூயார்க்கில், சார்லட் எப்ஸ்டீன் 1917-ல் தொடங்கிய பெண்கள் நீச்சல் சங்கத்தில் சேர்ந்தார். பெண்கள் போட்டிக்கு வருவதையே பலர் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. அந்தச் சங்கம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஜூலை 20

1924, பாரிஸ். ஒலிம்பிக்கில் ரிகினுக்கு 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டில் (துள்ளும் பலகையிலிருந்து குதிக்கும் டைவிங்) வெள்ளி, 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்தும் போட்டி) வெண்கலம். ஒரே ஒலிம்பிக்கில் டைவிங், நீச்சல் இரண்டிலும் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் பெண் இவர்தான்.

இது எவ்வளவு கடினம் என்பது இரண்டையும் பழகியவர்களுக்குத் தெரியும். டைவிங்குக்குக் குட்டையான, கச்சிதமான உடம்பு வசதி. சுருண்டால் வேகமாகச் சுழலும். மல்லாந்து நீந்துவதற்கோ நீண்ட கை வேண்டும். போதாததற்குச் சுவர் கண்ணில் படாது. கைவீச்சை எண்ணித்தான் திரும்ப வேண்டும். ஓர் எண்ணிக்கை தப்பினால் தலை இடிக்கும், பயந்து முன்பே மெதுவானால் நேரம் போகும். தங்கம் வென்ற சிபில் பாயர் 1:23.2. இரண்டாவது வந்த ஃபிலிஸ் ஹார்டிங் 1:27.4. ரிகின் 1:28.2. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே 0.8 விநாடிதான்.

ஆகஸ்ட் 29

1920, ஆன்ட்வெர்ப். பெண்களுக்கான ஸ்பிரிங்போர்டு ஒலிம்பிக்கில் முதல்முறை நடந்தது இங்கேதான். குளம் என்று பெயர். உண்மையில் பழைய கோட்டை அகழியின் ஒரு பகுதி. தண்ணீர் கறுப்பு, குளிரோ சொல்லி மாளாது.

கறுப்புத் தண்ணீரில் என்ன சிக்கல்? சுழன்று இறங்குகிறவர் நீர்ப்பரப்பைப் பார்த்துத்தான் உடம்பை விரிக்கிறார். பரப்பு தெரியாவிட்டால் கணிப்பு தவறும். விரிக்கத் தாமதித்தால் சுழற்சி மிஞ்சிப்போய் முதுகு அடிபடும். முந்திவிட்டால் சுழற்சி முடியாமலே தண்ணீரில் விழ வேண்டும். இன்று குளத்தின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பரப்பைக் கலைத்துவிடுவதே அது கண்ணுக்குத் தெரியத்தான். குளிர் இன்னொரு தொல்லை: ஒரு முறை குதித்து ஏறி அடுத்த முறைக்குக் காத்திருப்பதற்குள் கணுக்கால் விறைத்துவிடும். கணுக்கால் மடங்கினால் கால்விரல் நீளாது, நீளாத விரல் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

அடியில் சேறு. கை அதில் புதைந்து மேலே வர முடியாமல் போய்விடுமோ என்பதுதான் ரிகினின் பயம். அப்போது அவருக்கு வயது 14, உயரம் 4 அடி 7 அங்குலம். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் பலகையின் நுனிக்குப் போனார். தங்கம் அவருக்கு, வெள்ளி ஹெலன் வெயின்ரைட்டுக்கு, வெண்கலம் தெல்மா பெய்னுக்கு.