ஈசூன் மூத்தோருக்குப் பதினைந்து நிமிடம்

மார்ச் 9
சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு மூத்தோர் நிலையத்தில் தொலைபேசி மோசடிகளைப் பற்றித் தமிழில் பேச அழைத்திருக்கிறார்கள். நேரம் பதினைந்து நிமிடம். இரவே உட்கார்ந்து சட்டம், தண்டனை, மோசடி வகைகள் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டேன். வாய்விட்டுப் படித்தால் இருபத்தெட்டு நிமிடம் ஆகிறது.

மார்ச் 14
பேசுவதற்கு முன்பே அவர்களைப் பார்க்கப் போனேன். இருபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த ஐயா ஒருவர், 1971இல் வெள்ளைக்காரர்கள் கிளம்பிய கதையை ஆண்டு பிசகாமல் சொன்னார். நினைவு மங்கியவர்களுக்குப் பேசப் போகிறோம் என்று எண்ணியிருந்தது எவ்வளவு தவறு!

பக்கத்தில் ஒரு பாட்டி. கைப்பேசியின் முதுகில் ரப்பர் வளையம். அதனுள் மடித்த தாளில் பிள்ளைகளின் எண்கள். தே ஓ (பால் விடாத தேநீர்) ஆறும் வரை பேசாமல் இருந்தவர், மெல்லச் சொன்னார்: “போலிஸ் என்று ஒருவன் பேசினான், மா. மகனிடம் இன்னும் சொல்லவில்லை.”

எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். எச்சரிக்கைகளை அவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வாயைக் கட்டிப்போடுவது வெட்கம்தான். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மார்ச் 21
ஏமாற்றுபவர்கள் கூட்டமாக, இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். படித்தவர்களும் அவர்களிடம் பணத்தை இழந்திருக்கிறார்கள். இதுதான் தொடக்கம், நான்கு நிமிடம். இதில் ஒரு வரிகூடக் குறைக்க மாட்டேன்.

நடுவில் இரண்டே செய்திகள். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால், அடுத்து சிங்கப்பூரின் குறியீடான 65 வந்தாலும் அது வெளிநாட்டு அழைப்பு. அரசாங்க அதிகாரி யாரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார், வங்கி விவரம் கேட்க மாட்டார், அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றிவிடவும் மாட்டார்.

மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண் 1799ஐ முதலில் நடுவில் வைத்திருந்தேன். கடைசியில் கேட்டதுதான் வீடு வரைக்கும் கூட வரும் என்று இறுதிக்கு நகர்த்தினேன். குறுஞ்செய்தி மோசடிப் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டேன். மனம் வரவில்லைதான், ஆனால் அங்கே பாதிப் பேர் குறுஞ்செய்தியைத் திறப்பதே இல்லை. ‘ஆள்மாறாட்டம்’ போய், ‘போலிஸ்போல நடிப்பவன்’ வந்தது.

ஏப்ரல் 2
எதிர்வீட்டு அக்காவை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தேன். பதினாறு நிமிடம். “வங்கியிலிருந்தே கூப்பிட்டால்?” என்று இடைமறித்தார். சரியான கேள்வி. தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஏப்ரல் 11
பேசிவிட்டேன். முடிவில் எல்லாரையும் சேர்ந்து சொல்லச் சொன்னேன்: ஒன்று, ஏழு, ஒன்பது, ஒன்பது. செம்பவாங் ஐயாவின் குரல்தான் முதலில் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பாட்டி ரப்பர் வளையத்தைக் கழற்றித் தாளை நீட்டினார். மகனின் எண்ணுக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. 1799 என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் பெரிதாக எழுது, மா.”