ஏபி கையில் வரும்வரை

மார்ச் 4, செவ்வாய்

அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஊருக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அக்கா, நாளைக்கு ராத்திரி சீட்டு இருக்கு, போட்டறட்டா?" போடாத சாமி. அம்மா ஐசியூவில் கிடக்கும்போது இதைச் சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் போடாதே.

2020 அக்டோபரில் கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்கான தேதி ஒரேயடியாக முன்னால் நகர்ந்தபோது ஐ-485, அதாவது கிரீன் கார்டு மனு, போட்டவன். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. மனு நிலுவையில் இருக்கும்போது வெளியே போய்த் திரும்பி வர ஏபி வேண்டும், அதாவது அட்வான்ஸ் பரோல். பழைய ஏபி காலாவதி. அதைப் புதுப்பிக்கப் போட்ட ஐ-131 மனு அங்கேயே தூங்குகிறது. காகிதம் இல்லாமல் விமானம் ஏறினால் ஐ-485-ஐ அவனாகவே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதை நம்பி நிற்கும் வேலை அனுமதியும் கூடவே போகும். கம்பெனி போட்ட ஐ-140 மனுவும், வரிசையில் அவன் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியும் தப்பிக்கும். ஆனால் அந்தத் தேதிக்கு மறுபடி முறை வந்தால்தான் புது மனு.

சித்தப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. "அவன் கூட்டாளி போன வருசம் சும்மாதானே வந்துட்டுப் போனான்?" அந்தப் பையன் எச்-1பி என்கிற வேலை அந்தஸ்தை விடாமல் வைத்திருக்கிறான், பாஸ்போர்ட்டில் விசாவும் உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. தம்பி கம்பெனி மாறியபோது ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டையைக் காட்டிச் சேர்ந்தான், எச்-1பி அதோடு முடிந்தது.

அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பெல்லாம் வேலை அனுமதியும் ஏபி-யும் ஒரே அட்டையில் வரும். "ஐ-512 அட்வான்ஸ் பரோலாகச் செல்லும்" என்று ஒரு வரி இருக்கும். இதில் "மறுநுழைவுக்குச் செல்லாது" என்றுதான் இருக்கிறது. அட்டையில் இன்னும் வருஷக்கணக்கில் காலம் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வரியைத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

பாலக்காட்டு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. உபயோகமில்லை.

"மேற்படி நோயாளி இங்கு அனுமதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று வருகிறார்." அவ்வளவுதான். எழுதியவர் ஜூனியர் டாக்டர். காய்ச்சலுக்குப் படுத்தவருக்கும் இதே கடிதம்தான் கொடுப்பார்கள். இதைக் கையில் வாங்கும் அமெரிக்க அதிகாரிக்கு இதில் அவசரம் எங்கே தெரியும்?

என்னென்ன இருக்க வேண்டும் என்று பெரிய டாக்டருக்கு எழுதியே கொடுத்தேன். லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், இன்றைய தேதியோடு. அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல். வயது, சேர்த்த தேதி. நோய்: மூளையில் ரத்தக்கசிவு, வென்டிலேட்டரில் இருக்கிறார். நிலைமை மோசம், உயிருக்கு ஆபத்து உண்டு என்பது சுற்றிவளைக்காமல் ஒரு வாக்கியமாக. மகன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அவன் உடனே வருவது அவசியம் என்று ஒரு வாக்கியம். கீழே டாக்டர் பெயர், மெடிக்கல் கவுன்சில் பதிவு எண், கையெழுத்து, ஆஸ்பத்திரி சீல், விசாரித்தால் எடுத்துப் பேச ஒரு லேண்ட்லைன் எண். சீல் கையெழுத்தின்மேல் விழக் கூடாது. ஸ்கேனில் இரண்டும் சேர்ந்து கறையாகிவிடும்.

அவர் படித்துவிட்டு, "இது நேரத்தே பறஞ்ஞிருந்நெங்கில்..." என்றார், இதை முன்பே சொல்லியிருந்தால் என்று. ஓபி முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதே நாள், இரவு

ஈ2 விடி எம்5. கண், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து நினைவு நிலையை அளக்கும் கணக்கு இது. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சை அளக்க முடியாது, அதனால் விடி. வலி கொடுத்தால் கண் திறக்கிறார், கை வலியைத் தேடி வருகிறது. அசைவுக்கான எம் ஆறாக வேண்டும். சொன்னதைக் கேட்டு விரலை அசைத்தால் ஆறு.

மார்ச் 6, வியாழன்

புதுக் கடிதம் கச்சிதமாக இருக்கிறது. அரசு இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் கொடுத்து 300 டிபிஐ-யில் வண்ண ஸ்கேன். போனில் எடுத்தால் மடிப்பு நிழல் விழுகிறது.

அமெரிக்கக் குடிவரவுத் துறையின் கால் சென்டர் அங்கத்திய கிழக்கு நேரம் காலை 8-க்குத் திறக்கும், நமக்கு மாலை 6.30. திறந்த நிமிஷமே அடித்தால்தான் வரிசை குறைவு. இயந்திரக் குரல் கேட்கிற கேள்விக்கெல்லாம் கதை சொல்லக் கூடாது, "எமர்ஜென்சி அட்வான்ஸ் பரோல்" என்று மட்டும். ஆள் வந்ததும் நான்கு விஷயம்: ஐ-485 ரசீது எண், நிலுவையில் உள்ள ஐ-131 ரசீது எண், தாய் ஐசியூவில், ஆதாரம் கையில் தயார். விரைவுக் கோரிக்கையும் பதிய வேண்டும், வட்டார அலுவலகத்தில் அவசர அப்பாயின்ட்மென்டும் கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை விட்டால் அவர்களாக எடுத்துக்கொடுக்க மாட்டார்கள்.

பதிந்தாயிற்று. திரும்பக் கூப்பிடுவார்களாம். எண் காட்டாத அழைப்பாகவும் வரலாம். போனில் தெரியாத எண்களைத் தடுக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடச் சொன்னேன். குளிக்கப் போனாலும் போன் கூடவே இருக்கட்டும்.

மார்ச் 7, வெள்ளி

கூப்பிடவில்லை. எம்5.

மார்ச் 8, சனி

உறவுக்கு ஆதாரம். தம்பி பிறந்தது பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில், சான்றிதழ் நகராட்சி கொடுத்தது, முழுக்கத் தமிழ். அதில் அம்மா பெயரோடு "அம்மாள்" ஒட்டியிருக்கிறது, ஆதாரில் இல்லை. இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். பிறப்பு தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு மலையாளத்தில், இன்ஷியல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில். இரண்டு பெயரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசில் ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் வாங்கலாம் என்றால் இன்றைக்கு இரண்டாம் சனி, லீவு.

அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய் பெயர் இருக்கிறது. தம்பியுடையதில் ஆதாரில் உள்ளது போலவே, "அம்மாள்" இல்லாமல். கடிதம், ஆதார், பாஸ்போர்ட் மூன்றும் ஒத்துப்போகின்றன. பிறப்புச் சான்றிதழ் துணைக்கு.

மொழிபெயர்ப்பைக் கொழிஞ்சாம்பாறை டீச்சர் ஒருவர் செய்துகொடுத்தார். நோட்டரி கேட்பதில்லை. சீல், ஓரத்துக் குறிப்பு உட்பட முழுதாக ஆங்கிலத்தில் வர வேண்டும். அடியில் "இரு மொழியும் எனக்குத் தெரியும், இது முழுமையானது, சரியானது" என்று எழுதி, பெயர், கையெழுத்து, முகவரி, தேதி. வீட்டு ஆட்கள் செய்யக் கூடாது என்று விதியில்லை என்றாலும் வெளியாள் செய்வதே நல்லது.

மார்ச் 9, ஞாயிறு

அங்கே இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். நாளை முதல் அவர்களுடைய 8 மணி நமக்கு 5.30.

எம்4. ரவுண்ட்ஸில் வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டுப் போனார். கை வலியைத் தேடி வருவதில்லை இப்போது, இழுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அம்மாவின் வலது கை சுண்டுவிரலில் அந்தப் பழைய காய்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளம்பி வந்தறேன், அந்த மனு போனாப் போகுது" என்கிறான். இன்னும் இரண்டு நாள் சாமி. அவன் வரவேண்டாம் என்று நான் நினைப்பதாக ஊரில் யாராவது சொன்னால் சொல்லட்டும்.

மார்ச் 10, திங்கள்

கூப்பிட்டுவிட்டார்கள். புதன் காலை அப்பாயின்ட்மென்ட்.

அவன் பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் அலுவலகத்துக்கும் எழுதச் சொல்லியிருந்தேன். அவர்கள் ஒரு தனியுரிமை ஒப்புதல் படிவம் கேட்பார்கள், அதில் கையெழுத்துப் போட்டால்தான் இவன் கோப்பைப் பற்றி விசாரிக்க முடியும். கட்சி, ஓட்டு எதுவும் பார்ப்பதில்லை. குடியுரிமை இல்லாதவரும் கேட்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கோப்பு அடுக்கும் முறை. மேலே அப்பாயின்ட்மென்ட் கடிதம். அடுத்து ஆஸ்பத்திரிக் கடிதம், அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான். பிறகு ஐ-485 ரசீது, ஐ-131 ரசீது, பழைய ஏபி நகல், பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94, பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும். 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணியில் இரண்டு போட்டோ. புதிதாக நிரப்பிப் பேனாவில் கையெழுத்திட்ட ஐ-131 ஒன்றும் இருக்கட்டும். நிலுவையில் உள்ளதையே எடுத்துப் பார்ப்பார்களா, புதிதாகக் கேட்பார்களா என்பது அந்த மேஜையில் இருப்பவர் கையில். படிவத்தின் எல்லாப் பக்கத்திலும் அடியில் ஒரே பதிப்புத் தேதி இருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் திருப்பிவிடுவார்கள்.

கடிதத்துக்கு ஒரு வாரம் ஆகப்போகிறது. டாக்டரிடம் இன்றைய தேதியில் மறுபடி வாங்கி அனுப்பினேன். நிலைமை சரிந்ததையும் எழுதியிருக்கிறார்.

எம்4.

மார்ச் 12, புதன், நள்ளிரவு தாண்டி

கொடுத்துவிட்டார்கள். ஐ-512எல், அதாவது ஏபி காகிதம், போட்டோ ஒட்டி. அங்கேயே உட்காரவைத்துக் கொடுத்தார்களாம்.

உள்ளேயே நின்று சரிபார்க்கச் சொல்லியிருந்தேன்: பெயர், பிறந்த தேதி, குடிவரவுக் கோப்பின் ஏ-எண், செல்லும் கடைசி நாள். அந்த நாளுக்குள் திரும்பி இறங்கியாக வேண்டும், கிளம்பினால் போதாது.

மார்ச் 13, வியாழன்

லண்டன் வழி மலிவாக இருக்கிறது என்கிறான். வேண்டாம். அங்கே விமானம் மாற இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு, ஏபி விசா ஆகாது. அபுதாபியும் வேண்டாம், திரும்பும்போது அமெரிக்கச் சோதனையை அங்கேயே முடிக்கிறார்கள். சிக்கல் வந்தால் பாதி வழியில் நிற்பான். தோஹா வழியாகக் கொச்சி. கோயம்புத்தூர் பக்கம்தான், ஆனால் இன்று ராத்திரிக்கு ஒத்துவரும் இணைப்பு இல்லை. கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து குதிரான் சுரங்கம் வழியாக மூன்று மணி நேரத்தில் பாலக்காடு.

திரும்பும்போது கவுன்ட்டரில் "விசா எங்கே?" என்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், மேலாளரைக் கூப்பிடச் சொல்லி ஐ-512எல்-ஐக் காட்டு. அமெரிக்காவில் இறங்கியதும் தனி அறைக்கு அனுப்புவார்கள், ஏபி-யில் வருகிறவர்களைப் பெரும்பாலும் அனுப்புவதுதான். ஏபி இருந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை, முடிவு அந்த அதிகாரியுடையது. வெளியே வந்த பிறகு ஐ-94-ல் ஏபி-யில் வந்ததற்கான "டிஏ" என்ற குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பார்.

தபாலை அவன் வீட்டுக்காரி தினமும் பார்க்கட்டும். கைரேகைக்கு அழைப்பு வந்தால் அந்தத் தேதிக்கு முன்பே மாற்றக் கேட்டுவிட வேண்டும். பேசாமல் விட்டால் அதுவும் மனுவைக் கைவிட்டதாகிவிடும்.

மார்ச் 14, வெள்ளி

ஏறிவிட்டான். எம்5. காருக்குச் சொல்லியாயிற்று, நாளை ஐசியூ பார்வை நேரம் 11-லிருந்து 11.30, அதற்குள் வந்து சேரவில்லையென்றால் சிஸ்டரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.