எண்ணெய்த் துளி மறைந்தால் தாலேட் சிதைந்ததாகிவிடுமா?

ஒயர் உறை, ரெக்சின், ரத்தப் பை என்று வளைந்துகொடுக்கும் பி.வி.சி. பொருள் எதை எடுத்தாலும், அதன் எடையில் பொதுவாக 20 முதல் 40 சதவீதம் வரை பிளாஸ்டிசைசர், அதாவது பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் சேர்மம், இருக்கும். பாலிமர் சங்கிலியோடு அது வேதிப்பிணைப்பால் ஒட்டியிருப்பதில்லை, சங்கிலிகளுக்கு நடுவே ஊறி நிற்கிறது. அதனால்தான் வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போது கசிந்து மண்ணில் இறங்குகிறது. இவற்றில் தாலேட் என்பது ஒரு வகை, அதில் அதிகம் பேசப்படுவது டை-2-எதில்ஹெக்சைல் தாலேட், சுருக்கமாக டி.இ.எச்.பி. எண்ணெய் போன்ற இந்தத் திரவம் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. மண்ணின் கரிமப் பொருளில் அப்பிக்கொள்ளும்.

மாசுபட்ட மண்ணைச் சுத்தம் செய்ய இதைத் தின்னும் பாக்டீரியாவைப் பிடிப்பது பெரிய கஷ்டமில்லை. உண்மையிலேயே முழுவதும் தின்றதா என்று நிரூபிப்பதுதான் கஷ்டம், பல ஆய்வேடுகள் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

டி.இ.எச்.பி. மூலக்கூறில் 24 கார்பன். எஸ்டரேஸ் நொதி முதலில் ஒரு பக்கத்து ஆல்கஹாலை வெட்டும், மிஞ்சுவது மோனோ எஸ்டர். அடுத்த பக்கத்தையும் வெட்டினால் தாலிக் அமிலம். இரண்டு ஆல்கஹால்களிலும் சேர்த்து 16 கார்பன் போய்விடுகிறது, பென்சீன் வளையம் உள்ள தாலிக் அமிலத்தில் இருப்பது 8 மட்டுமே. ஆக, வளையத்தைத் தொடவே தெரியாத பாக்டீரியாகூட மூன்றில் இரண்டு பங்கு கார்பனைத் தின்று கொழுத்து வளரும். குடுவை கலங்கும், துளிகள் மறையும், டி.இ.எச்.பி. அளவும் பூஜ்யத்துக்கு வரும். தாலிக் அமிலம் அப்படியே கிடக்கும். இடையில் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம்: விலங்குச் சோதனைகளில் விந்தகத்தைப் பாதிப்பது பெரும்பாலும் அந்த மோனோ எஸ்டர்தான்.

2010-இல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கழிவுநீர்ச் சேற்றிலிருந்து பிரித்த கார்டோனியா என்ற பாக்டீரியா இனம் ஒன்று, டை-என்-ஆக்டைல் தாலேட் என்ற இன்னொரு தாலேட்டைத் தாலிக் அமிலம் வரை உடைத்து நிறுத்திக்கொண்டது. அதே சேற்றில் கிடைத்த ஆர்த்ரோபேக்டர் இனத்துக்கு எஸ்டரைத் தொடத் தெரியாது, தாலிக் அமிலத்தைத் தின்னத் தெரியும். இரண்டையும் சேர்த்து வளர்த்தபோதுதான் சிதைவு முழுமையானது. ஒற்றைக் கிருமியைத் தேடி அலைவதைவிடக் கூட்டணியாகப் பிடிப்பது நல்லது என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி செய்முறை. பழைய ஒயர் உரிக்கும் இடங்களின் சாக்கடையோர மண், குப்பைமேட்டுக் கசிவுநீர் தேங்கும் மண், கழிவுநீர் நிலையத்துச் சேறு ஆகியவை நல்ல இடங்கள். கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். கிருமியை வளர்க்க, கார்பன் உணவு எதுவும் இல்லாத உப்பு ஊடகம் வேண்டும். அதில் ஒரு லிட்டருக்கு டை பொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 5.8 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4.5 கிராம், அமோனியம் சல்பேட் 2 கிராம், மக்னீசியம் குளோரைடு 0.16 கிராம், கால்சியம் குளோரைடு 0.02 கிராம், கூடவே இரும்பு, மாங்கனீசு, மாலிப்டினம் மிகச் சிறிதளவு. பி.எச். 7. கால்சியம், மக்னீசியம், இரும்பு மூன்றையும் தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமிநீக்கி) ஆறிய பிறகு சேருங்கள். ஒன்றாகப் போட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

டி.இ.எச்.பி.யை நேராக ஊற்ற வேண்டாம். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் அசிட்டோனில் கரைத்து, 1 மில்லிலிட்டரை வெறும் கண்ணாடிக் குடுவையில் விட்டு, அசிட்டோன் முழுவதும் ஆவியாகும்வரை காத்திருங்கள். பிறகு 100 மில்லிலிட்டர் ஊடகம் ஊற்றினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும். அசிட்டோன் மிஞ்சினால் கிருமிகள் முதலில் அதைத்தான் தின்னும். ‘வளர்ச்சிக்கு உதவட்டும்’ என்று குளுக்கோஸ் போடுவதும், துளிகளைக் கலைக்க ட்வீன் 80 போடுவதும் இதே தப்புதான். ட்வீனும் பல கிருமிகளுக்குச் சாப்பாடு.

5 கிராம் மண் போட்டு, 30 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 150 சுழற்சி வேகத்தில் 7 நாள் குலுக்குங்கள். அதிலிருந்து 5 மில்லிலிட்டரைப் புதுக் குடுவைக்கு மாற்றுங்கள். இப்படி நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் மண்ணோடு வந்த பிற உணவு குறைந்துகொண்டே வரும். பிறகு அகார் தட்டில் பரப்பும்போது டி.இ.எச்.பி. இல்லாத தட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அகாரிலேயே இருக்கும் கரிம அசுத்தத்தை வைத்துச் சிறு காலனிகள் வளரும். அவற்றை ‘தாலேட் தின்னி’ என்று எண்ணி மாதக்கணக்கில் பின்தொடர்வது மிக வருத்தமான நேர விரயம்.

அளவிடும்போது குடுவையின் கழுத்தைப் பாருங்கள். குலுக்கலில் தெறித்த துளிகள் திரவ மட்டத்துக்கு மேலே பளபளக்கும் வளையமாக ஒட்டியிருக்கும். நடுவிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து அளந்தால் அந்த வளையம் கணக்கில் வராது, அது அப்படியே ‘சிதைவு’ என்று பதிவாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் தனிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. முழுக் குடுவையையும் பி.எச். 2-க்கு அமிலமாக்கி, சம அளவு எதில் அசிட்டேட்டால் இரண்டு தடவை பிரித்தெடுங்கள், சுவரையும் அதே கரைப்பானால் கழுவிச் சேருங்கள். அமிலமாக்காவிட்டால் மோனோ எஸ்டரும் தாலிக் அமிலமும் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமி இல்லாத குடுவை மட்டும் போதாது. ஆட்டோகிளேவில் கொன்ற செல்கள் உள்ள குடுவையும் வேண்டும். செத்த செல்லின் சவ்வும் டி.இ.எச்.பி.யை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்.

எஸ்டரை ஜி.சி.-எம்.எஸ்.ஸில் (வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் இணைந்த கருவி) 149 நிறை எண் அயனியை வைத்து அளக்கலாம். அமிலத்துக்கு எச்.பி.எல்.சி. (உயர் திறன் திரவ நிறப்பிரிகை) எளிது. 100 மில்லிகிராம் டி.இ.எச்.பி. முழுவதும் நீராற்பகுப்பு ஆனால், அதாவது இரண்டு ஆல்கஹால்களும் வெட்டுப்பட்டால், 42.5 மில்லிகிராம் தாலிக் அமிலம் வர வேண்டும். இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் உங்கள் கிருமி எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

வெறும் கரைப்பானை அளந்தாலே கருவியின் வரைபடத்தில் தாலேட் உச்சி வந்தால் பயப்படாமல் கையுறையைப் பாருங்கள். வினைல் கையுறையே பி.வி.சி.தான். நைட்ரைலுக்கு மாறுங்கள். பாராஃபிலிமும் பிளாஸ்டிக் குழாய்களும் வேண்டாம், மூடியின் உட்பக்கம் டெஃப்லான் இருக்கட்டும். அளவுக் குடுவைகள் தவிர்த்த கண்ணாடிப் பொருள்களை 400 டிகிரியில் 4 மணி நேரம் சுடுங்கள்.

மண்ணுக்குக் கொண்டுபோகும் முன் கிருமி எது என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசையைப் பார்த்தே ஆக வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா, பர்க்ஹோல்டீரியா செபேசியா கூட்டம் போன்றவை எவ்வளவு நன்றாகத் தின்றாலும் வெளியே விடக் கூடாது. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களைத் தாக்கக்கூடியவை அவை.

செல்களை 0.85 சதவீத உப்புநீரில் இரண்டு தடவை கழுவி, கிராம் மண்ணுக்கு ஒரு கோடி செல் என்ற கணக்கில் கலக்கலாம். மண்ணின் நீர் பிடிப்புத் திறனில் 60 சதவீத ஈரம் போதும். வளையத்தைத் திறக்கும் டைஆக்சிஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும், சேறாக நின்றால் வேலை மந்தமாகும். செல்களைக் காக்க ஆல்ஜினேட் மணிகளில் (கால்சியத்தால் இறுகிய கூழ் உருண்டைகளில்) அடைப்பவர்கள் மேலே சொன்ன பாஸ்பேட் ஊடகத்தில் அவற்றை வைக்காதீர்கள். பாஸ்பேட் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் மணிகள் குழைந்து உடையும்.

குடுவையில் ஒரு வாரத்தில் முடிந்தது மண்ணில் மாதக்கணக்கில் இழுக்கும். நாள்பட்ட டி.இ.எச்.பி. நுண்துளைகளுக்குள் போய்விடுவதால் கிருமிக்கு எட்டாது, புதிதாகத் தெளித்த மண்ணில் கிடைத்த வேகத்தைப் பழைய மண்ணுக்குச் சொல்லக் கூடாது. கிருமி சேர்க்காத அதே மண்ணையும் பக்கத்திலேயே அதே ஈரத்தில் வைத்திருங்கள். அங்கே ஏற்கனவே வாழும் கிருமிகள் தாமாகச் செய்யும் வேலையைக் கழித்த பிறகு மிஞ்சுவதே நீங்கள் சேர்த்த கிருமியின் பங்கு.