அம்மா போட்ட கையெழுத்து

அம்மாவுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன், செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் சம்மதப் படிவத்தோடு வந்த சிஸ்டர், கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மாவைத் தாண்டிப்போய் அப்பாவிடம் நீட்டினார். "சார், மூணு இடத்துல கையெழுத்துப் போடுங்க." அப்பாவும் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் வாங்கிப் படித்தேன். நான்கு பக்கமும் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில், தேவைப்பட்டால் வேறு எந்தச் சிகிச்சையும் செய்யலாம் என்று ஒரு வரி. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காரணம், சமீரா கோலி வழக்கு. பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவர் மயக்க மருந்தில் இருக்கிறார் என்பதற்காக இன்னொருவர் அவருக்காகச் சம்மதிக்க முடியாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற மாதிரி நிலை வேண்டும். இரண்டாவது ஆபரேஷனின் வலியும் செலவும் மிச்சம் என்பது போதாது.

டூட்டி டாக்டரிடம் போனேன். "வழக்கமா வீட்டுக்காரர்தான் போடுவார்" என்றார். நான் சண்டை போடவில்லை. சர்ஜன் வந்து அம்மாவிடம் தமிழில் பேசட்டும் என்று மட்டும் கேட்டேன். எட்டரைக்கு வந்தார். நல்ல மனிதர், படம் வரைந்தே காட்டினார்.

அம்மா கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றியே இருக்காது. கட்டியை மட்டும் தனியாக எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? கர்ப்பப்பையில் கை வைப்பீர்களா? சந்தேகமாக ஏதாவது தெரிந்தால், நான் கண் விழிக்கிறவரை பொறுப்பீர்களா? பொறுத்தால் மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

"பரவாயில்ல டாக்டர். தெரிஞ்சுக்கிட்டு நானே முடிவு பண்றேன்."

சரி என்று அந்த வரியை அடித்துவிட்டு, நீர்க்கட்டி, முடியாவிட்டால் அந்தப் பக்கத்துச் சினைப்பை, உயிருக்கு ஆபத்து இல்லாதவரை வேறெதற்கும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதினோம். பக்கத்தில் டாக்டரும் கையெழுத்திட்டார். நோயாளி என்ற இடத்தில் அம்மா முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். அப்பா சாட்சி என்ற இடத்தில் போட்டார். அப்புறம் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் அம்மாவிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை, நானும்தான்.