ஏஐ அசிஸ்டென்ட் ஞாபகத்திலிருந்து எழுதாமல் இருக்க

பைத்தானில் தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் 2.0 வெர்ஷன் வெளியானது 2023 ஏப்ரலில். அதன் டேட்டாஃப்ரேமில் (அட்டவணை வடிவில்) வரிகளைச் சேர்க்க இருந்த 'அப்பெண்ட்' மெத்தட் அதோடு போயிற்று. இப்போது 'கான்கேட்' தான். ஆனால் இணையத்தில் அதற்கு முன்பு குவிந்து கிடக்கும் பதில்களில் 'அப்பெண்ட்' தான் இருக்கிறது. அதைப் படித்து வளர்ந்த ஏஐ அதையே எழுதிக் கொடுத்தால் ஆச்சரியமில்லை. இதுவாவது பரவாயில்லை, ஓட்டிய உடனே பிழை வந்து விழும். தரவைச் சரிபார்க்கும் பைத்தான் லைப்ரரியான பைடான்டிக் 2-இல் பழைய 'டிக்ட்' மெத்தட் இன்னும் ஓடும், ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். புதிய பெயர் 'மாடல் டம்ப்'. எல்லாவற்றையும்விட மோசம், எந்தப் பெயரில் வரும் கீவேர்ட் ஆர்க்யூமென்ட்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்கள். இல்லாத ஒரு ஆப்ஷனை ஏஐ கற்பனை செய்து கொடுத்தாலும் பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. அந்த ஆப்ஷன் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

'சரியான ஏபிஐ பயன்படுத்து' என்று ப்ராம்ப்டில் எழுதிப் பயனில்லை. ஏஐயைப் பொறுத்தவரை அது எழுதியது சரியானதுதான். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த இடம் இணையம் அல்ல, உங்கள் மெஷினில் நிறுவியிருக்கும் லைப்ரரியேதான்.

முதலில் வெர்ஷன். ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் '2.0 அல்லது அதற்கு மேல்' என்று இருந்தால் அது வெர்ஷன் ஆகாது. நிறுவ வேண்டிய துல்லியமான வெர்ஷன்களைக் குறித்துவைக்கும் லாக் (lock) கோப்பைத்தான் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் 'பிப் ஷோ' கட்டளை. இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு: அசிஸ்டென்ட் திறக்கும் டெர்மினலில் வர்ச்சுவல் என்விரான்மென்ட் (ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைத்திருக்கும் பைத்தான்) ஆக்டிவேட் ஆகியிருக்காது. சிஸ்டம் பைத்தானில் இருக்கும் வேறொரு வெர்ஷனைப் பார்த்துவிட்டு, சரிபார்த்தேன் என்று நம்பிக்கையோடு சொல்லும். ப்ராஜெக்ட்டின் பைத்தானுக்கு முழுப் பாதையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு ஃபங்ஷன் என்னென்ன ஆர்க்யூமென்ட்களை ஏற்கிறது என்பது. பைத்தானில் 'இன்ஸ்பெக்ட்' மாட்யூலின் 'சிக்னேச்சர்' ஃபங்ஷன் போதும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வரியில் பதில் வரும். 'ஹெல்ப்' போட்டு முழு டேட்டாஃப்ரேம் கிளாஸையும் கொட்ட விடாதீர்கள். ஆயிரக்கணக்கான வரிகள் வந்து கான்டெக்ஸ்டை (ஏஐ ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவை) அடைத்துவிடும், தேவையான ஒரு வரி அதற்குள் புதைந்துபோகும். கோ மொழியில் 'கோ டாக்' கட்டளைக்கு பேக்கேஜ் பெயரும் ஃபங்ஷன் பெயரும் கொடுத்தால், அந்த ப்ராஜெக்ட் பயன்படுத்தும் வெர்ஷனுக்கே பதில் வரும். ரஸ்ட்டில் ஹோம் டைரக்டரிக்குள் கார்கோவின் ரிஜிஸ்ட்ரி ஃபோல்டரில் முழு சோர்ஸும் இருக்கிறது.

டைப்ஸ்கிரிப்ட்டில், லைப்ரரிகள் நிறுவப்படும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெக்லரேஷன் கோப்புகள் (டைப் விவரங்களைச் சொல்பவை) தான் ஆதாரம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அசிஸ்டென்ட்கள் தேடுவதற்குப் பயன்படுத்தும் ரிப்கிரெப் போன்ற கருவிகள் கிட்-இக்னோரில், அதாவது கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில், உள்ள ஃபோல்டர்களைத் தொடாது. நோட் மாட்யூல்ஸ் அனேகமாக எப்போதும் அந்தப் பட்டியலில் இருக்கும். தேடினால் ஒன்றும் கிடைக்காது, 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று அது முடிவு கட்டிவிட்டுத் தானே ஒன்றை எழுதத் தொடங்கும். 'நோ-இக்னோர்' ஆப்ஷனோடு அந்த ஒரு பேக்கேஜ் ஃபோல்டரில் மட்டும் தேடச் சொல்லுங்கள். டைப்கள் தனி பேக்கேஜாக வரும் லைப்ரரியாக இருந்தால், இரண்டின் மேஜர், மைனர் எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். டைப் பழையது, லைப்ரரி புதியது என்றால் தேடிப் பார்த்தும் தப்பாகத்தான் வரும்.

சில லைப்ரரிகள் இந்த வழிக்கு வராது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் சேவைகளைப் பயன்படுத்தும் பைத்தான் லைப்ரரியான போட்டோ3 ஓர் உதாரணம்: அதன் கிளையன்ட் மெத்தட்கள் ஓடும்போதுதான் ஜேசான் வரையறைகளிலிருந்து உருவாகின்றன. சோர்ஸில் தேடினால் கிடைக்காது, சிக்னேச்சர் கேட்டாலும் எதையும் ஏற்கும் ஒரு பொது வடிவம்தான் வரும். அங்கே அந்த மெத்தட்டின் டாக்ஸ்ட்ரிங்கை (அதோடு வரும் விளக்கத்தை) மட்டும் எடுக்கலாம், அல்லது டைப் விவரங்களை மட்டும் தரும் ஸ்டப் பேக்கேஜை நிறுவலாம்.

இணைய டாக்குமென்டேஷனுக்குப் போவது இதற்கெல்லாம் பிறகுதான். ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வந்ததிலிருந்து, டாக்குமென்டேஷன் தேடித் தரும் சர்வர்கள் நிறைய வந்துவிட்டன. உபயோகமானவைதான். ஆனால் கேட்கும்போது வெர்ஷனைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் புதியதற்கான பக்கம் வரும், உங்களிடம் இருப்பதோ பழையது. லைப்ரரிக்காரர்கள் ஏஐ படிப்பதற்கென்று தரும் எல்எல்எம்ஸ் டெக்ஸ்ட் (llms.txt) கோப்புக்கும் அதே எச்சரிக்கை.

இதையெல்லாம், அசிஸ்டென்ட் படிக்கும் குறிப்புகளை வைக்கும் ஏஜென்ட்ஸ் (AGENTS.md) கோப்பில் ஐந்தாறு வரியில் அடக்கலாம்: எந்த பைத்தான், எந்த லாக் கோப்பு, சிக்னேச்சர் பார்க்கும் கட்டளை, தேடல் கட்டளை, முடிந்ததும் ஓட்ட வேண்டிய டைப் செக்கர் (டைப்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கருவி). அறிவுரை வேண்டாம், அப்படியே ஓட்டக்கூடிய கட்டளைகளாக இருக்கட்டும். எல்லா ஃபங்ஷனுக்கும் பார் என்று எழுதினால் வேலை நகராது. இந்த ரெப்போவில் ஏற்கெனவே பயன்படுத்தாத ஃபங்ஷன் என்றால் மட்டும் பார் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

டைப் செக்கரோடு, டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட்டில் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை ('இது பழையது, கைவிடப்படும்' என்பவற்றை) பிழையாக மாற்றி வையுங்கள். மேலே சொன்ன 'டிக்ட்' அப்போது மாட்டும். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத லைப்ரரிகளின் எச்சரிக்கைகளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், இல்லையென்றால் அவற்றாலேயே டெஸ்ட்கள் தோற்கும். புதிய பேக்கேஜை நிறுவும்படி ஏஐ சொன்னால், அது உண்மையில் இருக்கிறதா, யாருடையது என்று நீங்களே பாருங்கள். ஏஐ கற்பனை செய்யும் பெயர்களில் யாராவது தீய பேக்கேஜ்களைப் பதிவு செய்துவைக்கும் ஆபத்து இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்னேச்சர் சொல்லாத விஷயங்கள் உண்டு. இணையக் கோரிக்கைகளை அனுப்பும் லைப்ரரிகளில், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸில் டைம்அவுட் விநாடியில், ஜாவாஸ்கிரிப்ட்டின் ஆக்சியோஸில் மில்லி விநாடியில். இரண்டிலும் கொடுப்பது வெறும் எண்தான். ஆக்சியோஸுக்கு 5 என்று கொடுத்தால் எந்த செக்கரும் தடுக்காது. நேரம், அளவு, என்கோடிங் சம்பந்தப்பட்ட ஆர்க்யூமென்ட் வந்தால் டாக்ஸ்ட்ரிங்கையோ டாக்குமென்டேஷனையோ திறந்து அலகு என்ன என்று பார்க்கச் சொல்லி, அதே கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.