தாருகானாவில் வாங்கிய இரண்டு டேங்குகள்

மும்பை தாருகானாவில் ஒரு காயலான் கடையின் மூலையில் கிடந்தன அந்த ஸ்கூபா டேங்குகள், அதாவது கடலுக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்து முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்கள். இரண்டும் சேர்ந்து 28 கிலோ. கடைக்காரருக்கு இரும்பு இரும்புதான், தராசில் வைத்துக் காசு வாங்கிக்கொண்டார். மஞ்சள் பெயின்டைச் சுரண்டியதும் தோள்பட்டையில் 'ஐசிசி-3ஏஏ 2250' என்ற முத்திரை தெரிந்தது. 2250 என்பது எவ்வளவு அழுத்தத்துக்குக் காற்று நிரப்பலாம் என்ற கணக்கு, பிஎஸ்ஐ-யில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று. 'ஐசிசி' என்பது சிலிண்டர்களுக்கு விதி வகுத்த அமெரிக்க அரசு அமைப்பு. 1970 வாக்கில் முத்திரையில் 'ஐசிசி' போய், அங்கத்திய போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் 'டிஓடி' வந்துவிட்டது. அப்படியானால் இவை என்னைவிட மூத்தவை. மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள தார்க்கர்லியில் இரண்டே முறை கடலுக்குள் இறங்கியவன் நான். இவற்றை முதுகில் கட்டிக்கொண்டு மூன்றாவது முறை இறங்க வேண்டும் என்று ஆசை.

தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

"என்ன தம்பி, வெடிகுண்டா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. முதல் டேங்கின் வால்வைத் திறந்தேன். கொஞ்சம் சீறிவிட்டு அடங்கியது. காலி என்று நினைத்து ஸ்பேனரை எடுத்தபோது, "பக்கத்துல இந்த லிவர் எதுக்கு?" என்றார் அண்ணாச்சி. பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் பெட்ரோலுக்கு ரிசர்வ் இருக்குமே, அதே ஏற்பாடுதான். பிரஷர் கேஜ் பரவலாக வராத காலம் அது. காற்று சுமார் 300 பிஎஸ்ஐ-க்கு இறங்கியதும் உள்ளே ஒரு ஸ்பிரிங் வழியை மறிக்கும். மூச்சு இழுக்கக் கஷ்டமானதும் லிவரை இறக்கி, மிச்சக் காற்றில் மேலே வந்துவிட வேண்டும். எங்கள் லிவர் மேலேயே இருந்தது. இறக்கினேன். அண்ணாச்சி டீ குடித்து முடிக்கும்வரை உஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. அவர் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், நான் திருகிய வால்வு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அந்தப் பழைய காற்றை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. ஈரமான டேங்கில் துரு ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

வால்வு அசையவில்லை. அண்ணாச்சி கேஸ் டார்ச்சைத் தூக்கினார், தடுத்துவிட்டேன். சூடு பட்டால் எஃகின் உறுதி போய்விடும். வினிகரில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி வைத்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் 'டக்' என்றது.

ஒயரில் குட்டி பல்பு கட்டி உள்ளே இறக்கினால், சுவரெல்லாம் செம்மண் பூசினாற்போலத் துரு. துருவைத் தேய்த்தெடுக்கப் பாதியளவு அலுமினா கற்களும் தண்ணீரும் போட்டு, வாஷிங் மெஷின் மோட்டாரில் ஓடும் இரண்டு உருளைகள்மேல் எட்டு மணி நேரம் உருட்டினோம். உள்ளே வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அது ஜூலை மாதம். அலசிக் கவிழ்த்துவிட்டு, காற்று ஊதும் குழாயை எடுத்து வருவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு திரும்பவும் படர்ந்துவிட்டது. மும்பை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொட்டது என் மடத்தனம். ஜனவரியில் மறுபடி உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் அலசினோம். இரும்பே சூடாகிவிடுவதால் ஈரம் சட்டென்று காய்ந்தது, கூடவே காற்றும் ஊதினோம். இந்த முறை துரு வரவில்லை.

இரண்டாவது டேங்குக்கு உள்ளே பிரச்சினை இல்லை. அடியில் மாட்டியிருந்த ரப்பர் உறையைக் கழற்றியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. உறைக்குள் தேங்கிய உப்புத் தண்ணீர் துத்தநாகப் பூச்சைத் தின்று, எஃகையும் அரித்திருந்தது. சில பள்ளங்களில் பென்சில் முனை இறங்கியது. சிலிண்டர் சோதிக்கும் இடத்தில் அதைத் தொடவே மறுத்துவிட்டார்கள்.

முதலாவதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, 2250-க்கு மூன்றில் ஐந்து பங்கு, அதாவது 3750 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தார்கள். அழுத்தத்தில் டேங்க் எவ்வளவு உப்புகிறது, விட்டதும் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதுதான் கணக்கு. திரும்பாமல் தங்கும் வீக்கம், மொத்த வீக்கத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை.

சரி, காற்று நிரப்பலாம் என்று போனால், "பெசோ அனுமதி இருக்கா?" என்றார்கள். நாக்பூரில் தலைமையகம் உள்ள அந்த வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதி இல்லாத சிலிண்டரில் இங்கே காற்று அடிக்க முடியாது. தாருகானாவில் காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

முதல் டேங்க் இப்போது மாட்டுங்காவில் எங்கள் வீட்டு ஹாலில், வால்வு திறந்தபடி நிற்கிறது. அம்மா வாரம் ஒருமுறை தூசி துடைக்கிறார். அரித்துப்போன டேங்கின் அடிப்பாகத்தை அண்ணாச்சி வெட்டி எடுத்துவிட்டு, மீதியைப் பட்டறை வாசலில் மணியாகத் தொங்கவிட்டிருக்கிறார். நாலு மணிக்கு ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் எதிர்ச் சந்து டீக்கடைப் பையன் கிளாஸ்களோடு வந்துவிடுகிறான்.